டாக்டர் வண்டி

தலை ஸ்டியரிங்குக்குக் கீழே. கால்கள் திறந்த கதவுக்கு வெளியே, வெயிலில்.

கையால் கிளட்சை அமுக்கினான்.

கிறீச்.

விட்டான்.

கிறீச்.

இது மூன்றாவது ஞாயிறு. முதல் ஞாயிறு கிரீஸ் வைத்தான். இரண்டாவது ஞாயிறு ஸ்பிரிங்கையும் புஷ்ஷையும் மாற்றினான். இன்று மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டான். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அமுக்கச் சொன்னான். விடச் சொன்னான். மறுபடி அமுக்கச் சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றி வந்து காது கொடுத்தான்.

சத்தம் மிதியிலிருந்து வரவில்லை.

இடது பக்கத்திலிருந்து வந்தது.

அந்தப் பக்கம் காலை நீட்டி உட்காருவதைத் தவிர யாருக்கும் எந்த வேலையும் கிடையாது.

இடது கதவைத் திறந்து குனிந்தான். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தான். கிளட்ச் மிதியிலிருந்து ஒரு கம்பி குறுக்கே இந்தப் பக்கம் வரை வந்திருந்தது. அதை அவன் முன்பே பார்த்திருக்கிறான். வண்டியோடு பிறந்த எலும்பு என்று விட்டுவிட்டான். இப்போதுதான் நுனியைப் பார்த்தான். ரம்பம் போட்டு அறுத்த நுனி. அவள் அமுக்கும்போதெல்லாம் அது திரும்பிப் பக்கத்து இரும்பில் உரசியது.

தரையிலிருந்த ரப்பர் விரிப்பை இழுத்தான். பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பிய்ந்து வந்தது. கீழே தகரத்தில் நான்கு துளைகள். பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் பூசிய துளைகள்.

இங்கேயும் ஒரு கிளட்ச் இருந்திருக்கிறது.

இரண்டு பக்கமும் மிதி வைத்த கார் ஒரே ஒரு வகைதான். தலையில் சிவப்பு எழுத்தில் எல் போர்டைச் சுமந்துகொண்டு விடிகாலையில் மைதானத்தைச் சுற்றும். எத்தனை நடுங்கும் கால்கள் டிரைவர் பக்க மிதியை மிதித்திருக்கும்.

விற்றவர் அவளுடைய அண்ணன் சென்னியப்பன். பழைய வண்டி வாங்கி விற்பவர். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, வண்டியை எடுத்துக் கொடுத்ததும் அவரேதான்.

"டாக்டர் வண்டிங்க மாப்ள. ஆஸ்பத்திரி, வூடு. அவ்வளவுதான் ஓட்டம்."

ஆர்.சி. புத்தகத்தில் பாவாயி என்று இருந்தது. டாக்டருடைய அம்மா என்றார். அதையும் நம்பினான். இரண்டு வருடமாக அந்த டாக்டரை மனத்தில் வைத்திருந்தான். கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர், நாற்பதுக்கு மேல் ஓட்டாதவர். வண்டிக்குள் மருந்து வாசனை அடிப்பதாகக்கூட ஒருமுறை சொன்னான்.

அவள் ஆமாம் என்றாள்.

சரி. வண்டி விற்பவன் பொய் சொல்வான். மச்சானாக இருந்தால் சிரித்துக்கொண்டே சொல்வான். அது அவ்வளவாக வலிக்கவில்லை.

துளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு இரண்டாவது கியர் நினைவுக்கு வந்தது.

இந்த வண்டியில் இரண்டாவது கியர் நேராக விழாது. பல் கடிக்கும். மூன்றை லேசாகத் தொட்டுவிட்டு இரண்டுக்கு இழுத்தால் சத்தமில்லாமல் விழும். அதை அவனுக்குக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். வண்டி வீட்டுக்கு வந்த முதல் நாள். ஐந்தாறு முறை கடிக்கவிட்டு அலுத்துப்போய் இடம் மாறி உட்கார்ந்தான். அவள் ரோட்டைப் பார்த்தபடியே மூன்றைத் தொட்டாள். இரண்டில் போட்டாள். யோசிக்கவே இல்லை.

எப்படி என்று கேட்டான். கைராசி என்று சிரித்தாள்.

மில்லில் ஒரு வாரம் அதையே சொல்லித் திரிந்தான். வீட்டுக்காரி கை வைத்தால் வண்டி கேட்கிறது என்று.

கல்யாணத்துக்கு முந்தைய வருடம் அவள் காங்கேயத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். இருபத்தாறு நாள். ஒரே வண்டி. சேர்த்துவிட்டது அண்ணன்.

வேறு காரணமும் இருக்கலாம். பழைய கியர் பாக்ஸ் எல்லாமே அப்படித்தான் என்று யாராவது ஒரு மெக்கானிக் சொன்னால் போதும். நம்பத் தயாராக இருந்தான். அவளிடம் கேட்கத்தான் தயாராக இல்லை.

தலையைத் தூக்கினான்.

அவள் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன் கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிய்ந்த விரிப்பு அவள் முழங்காலிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அது என்ன என்று அவள் கேட்கவில்லை.

அறுத்த நுனியில் கிரீஸை அப்பினான். அமுக்கச் சொன்னான்.

சத்தமில்லை.

விரிப்பைப் போட்டுத் துளைகளை மூடினான்.

சத்தம் போய்விட்டதா என்று அவள் சுவரைக் கேட்டாள்.

போய்விட்டது என்றான். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

கேட்டைத் தாண்டினாள். முதல் கியரில் தண்ணீர்த் தொட்டி வரை உருட்டினாள். கிளட்ச் ஊமையாக இறங்கியது. கை கியருக்கு வந்தது.

அங்கேயே ஒரு நொடி நின்றது.

மூன்றைத் தொடவில்லை. நேராக இரண்டுக்கு இழுத்தாள்.

பல் கடித்தது.

இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"இன்னைக்கு என்னமோ விழ மாட்டேங்குதுங்க" என்றாள்.

அவனுடைய இடது கால் தானாக விரிப்பை ஓங்கி மிதித்தது.

அங்கே ஒன்றும் இல்லை.