நாலு நிமிடப் பதில்

“சம்பந்தி, இதைக் கேளுங்க முதல்ல!” செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார் கண்ணாடிக்கடைக்காரர். மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்த மனிதருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் செய்தித்தாளை நாலாக மடித்து வைத்தார். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அவருக்கு அந்தப் பெயர்தான். நாற்காலியில் முதுகு படாமல் உட்காரும் வழக்கமும் போகவில்லை.

“‘வணக்கம் மாமா. ராத்திரி நல்லா தூங்கினீங்களா? மூட்டு வலி தேவலையா? வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. உங்க உடம்புதான் எங்களுக்கு முக்கியம்.’” மாப்பிள்ளை அனுப்பியிருந்ததைப் போனில் பார்த்து மேடைப் பேச்சு போல வாசித்து முடித்தார் கண்ணாடிக்கடைக்காரர். “என்னமா வருது பாத்தீங்களா! இப்பெல்லாம் கடையில கண்ணு பரிசோதிக்க அட்டையே மாட்டறதில்ல. இதையே நீட்டி, படிங்கன்னுடறேன்.”

“நல்லது” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். நாலாக மடித்த செய்தித்தாளை எட்டாக மடித்தார். சம்பந்திக்கு மூட்டு வலி என்பது இத்தனை நாள் பழகிய தனக்கே தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது!

அவர் பிள்ளைக்கு வேலையே அதுதான், கைக்கடிகாரத்தில் எழுத வழி கண்டுபிடிப்பது. சட்டைப் பொத்தான் அளவுத் திரை. விரலை வைத்தால் அடியில் நாலு எழுத்து மறைந்துபோகும். அதில் கொஞ்சம் தொட்டு நிறைய எழுதவைக்க, மூன்று வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். சோதித்துப் பார்ப்பதற்காக வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கடிகாரத்திலிருந்துதான் செய்தி அனுப்புவான்.

ஊருக்கெல்லாம் வேகமாக எழுத வழி செய்கிறவன் பெற்றவனுக்கு என்ன எழுதினான்? ‘சரிப்பா.’ ‘சாப்பிட்டேன்பா.’ போன வாரம் காய்ச்சல் என்று தெரிவித்ததற்கு, ‘டாக்டர்?’ என்று ஒற்றைச் சொல். அதுவும் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகக் கடந்து போயிருக்கும்.

“ஏங்க, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். நாளைக்குத்தான் அந்தக் கடிகாரத்தை முதன்முதலாக வெளியாருக்குக் காட்டப்போகிறார்கள். முன்வரிசையில் இரண்டு அப்பாக்களுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

“நான் வரல.”

“என்னது?” கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள் அவள்.

“அதான் மாமனார் போறாரே. அவர் ஒருத்தர் போதும்.”

“ஐயையோ, என்ன சம்பந்தி இது! நீங்க இல்லாம நான் மட்டும் எப்படிப் போய்...”

“எங்க குடும்பத்துல யாரும் இன்னொருத்தர் நிழல்ல போய் உக்காந்ததில்ல.”

“அறுபத்தாறு வயசுல என்ன கோவம் இது, மிட்டாய் கிடைக்காத பிள்ளையாட்டம்?” என்றாள் மனைவி.

“கோவமா? எனக்கா?” அவர் போனை எடுத்து, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். ‘நாளை நான் வரவில்லை. உன் மாமனார் வருவார்.’

கீழே ‘எழுதுகிறார்’ என்று காட்டியது. ஸ்டேஷன் மாஸ்டரின் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. முப்பத்தாறு வருடம் ரயில்களின் தாமதத்தைக் குறித்த கண். ஒரு நிமிடம். இரண்டு. இன்னும் எழுதிக்கொண்டே இருந்தான். மூன்று. இத்தனை நேரம் எழுதுகிறவன் ஒரு பக்கமாவது எழுதுவான் என்று, வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு ஆசைப்பட்டுத் தொலைத்தது.

நாலாவது நிமிடம் போன் சிணுங்கியது. ‘நீங்க வாங்கப்பா.’

அவ்வளவுதான்.

“பாத்துக்கோங்க சம்பந்தி” என்று போனை நீட்டினார். “நாலு நிமிஷம், ரெண்டு வார்த்தை. உங்களுக்குக் கட்டுக் கட்டா வருது. பெத்தவனுக்கு இதான் மரியாதை.” சொல்லி முடித்த மறுகணமே, வீட்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டோமே என்று கூசிப்போயிற்று.

கண்ணாடிக்கடைக்காரர் போனை வாங்கினார். மேலே தள்ளித் தள்ளி, பழைய ‘சரிப்பா’, ‘சாப்பிட்டேன்பா’ எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். முகத்தில் எப்போதும் ஒட்டியிருக்கும் கடைச் சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“என்ன, பாவமா இருக்கா?” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் விறைப்பாக.

“பொறாமையா இருக்கு.”

“கிண்டல் பண்றீங்களா?”

அவர் போனை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்கு ஏது மூட்டு வலி? எனக்கும் என் பொண்ணுக்கும் அந்தக் கடிகாரமேதான் எழுதி அனுப்புது சம்பந்தி, மாப்பிள்ளை எழுதறது உங்களுக்கு மட்டும்தான்.”