மாற்றிக் கொடுத்த மாத்திரை

"யோவ் பாய், இது மாத்திரையா, சுண்ணாம்புக் கட்டியா?"

சமயநல்லூர் மருந்துக்கடை வாசலில் அழகுபாண்டி போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கப்பலூர் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும். வெளியே வந்தாலும் அந்தத் தொண்டையைக் கழற்றி வைக்க அவனுக்குத் தெரியாது.

பக்கத்தில் அவன் அப்பா சோணை சங்கடத்தோடு நின்றார்.

"ஒன்றரை மாசமா எங்கய்யா ஒரு நாள் விடாம முழுங்குறாரு. பிரஷர் நூத்தி எண்பதை விட்டு இறங்க மாட்டேங்குது. இப்படியே போனா கை கால் விழுந்துரும்னு டாக்டர் சொல்றாரு. போலி மாத்திரை விக்கிறியா நீ?"

கடைக்காரர் முகமது யாசீன் பதறவில்லை. சோணையிடம் கேட்டார்.

"மாத்திரைய எப்படிப் போடுறீங்க பெரியவரே?"

"காலையில எந்திரிச்சதும் போட்ருவேன் தம்பி. மகன் கிரீன் டீ வாங்கித் தந்திருக்கான். உடம்புக்கு அம்புட்டு நல்லதாம்ல. அதுலயே முழுங்கிருவேன். சாயங்காலமும் ஒரு கிளாஸ் குடிப்பேன்." சொல்லும்போதே பெரியவர் முகமெல்லாம் பெருமை.

யாசீன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அழகுபாண்டி பக்கம் திரும்பினார்.

"தப்பு என் பக்கம்தாண்ணே. வேற அட்டை தர்றேன். பெரியவரே, இதைத் தண்ணியில மட்டும்தான் போடணும். டாக்டரைப் பாக்குற வரைக்கும் டீ, கிரீன் டீ எதையும் தொடாதீங்க."

"பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்" என்று அழகுபாண்டி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

மருந்துச் சீட்டோடு நின்றிருந்த ஒரு அம்மா, சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்குள் அந்தக் கடைக்குப் போலி மாத்திரைக் கடை என்று பேராகிவிட்டது.

இரண்டு வாரத்தில் சோணைக்குப் பிரஷர் நூற்று நாற்பதுக்கு வந்தது.

காளவாசல் டாக்டரிடம் போனபோது, அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு அழகுபாண்டி மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனான். சாட்சிக்கென்று எடுத்து வைத்திருந்த பழைய அட்டையையும் புது அட்டையையும் மேஜையில் வைத்தான்.

"ஒரு சத்தம் போட்டேன் சார். நல்ல மாத்திரையா எடுத்துக் குடுத்துட்டான்."

டாக்டர் இரண்டையும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாத்திரைதான். பேட்ச் நம்பர்கூட ஒண்ணுதான். வேற என்ன மாத்துனீங்க?"

"கிரீன் டீ வேணாம், தண்ணியில போடுங்கன்னான்."

"அதான் விஷயம். கிரீன் டீ குடிச்சா இந்த மாத்திரை ரத்தத்துல சரியாச் சேராது. கடைக்காரருக்கு அது தெரிஞ்சிருக்கு. இனிமே அதைக் குடுக்காதீங்க."

அழகுபாண்டி இரண்டு அட்டைகளையும் எடுத்துப் பைக்குள் போட்டான். அந்த டீயை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். அப்பாவின் உயிரோடு விளையாடியவன் தான் என்பதும், திட்டு வாங்கியது யார் என்பதும் உறைத்தபோது, தரைக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் தனியாகக் கடைக்குப் போனான். கல்லாவுக்கு முன்னால் ஒரு ஆள்கூட இல்லை.

"ஏன் பாய் அன்னைக்கே சொல்லல? அத்தனை பேரு முன்னாடி என்னைய நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டிருக்கலாமே நீங்க."

"பக்கத்துல உங்க அய்யா நின்னாருல்ல."

அழகுபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் மனுசனே இல்ல பாய். எந்த வாயால கத்துனேனோ அதே வாயால, இதே வாசல்ல நின்னு தப்பு என்னோடதுதான்னு ஊருக்கே சொல்றேன்."

வாசலுக்குத் திரும்பியவன் கையை யாசீன் எட்டிப் பிடித்தார்.

"வேணாம்ணே. யாவாரம் மெல்ல வந்துரும். நீங்க சொன்னா, அப்ப பிரஷர் ஏன் இறங்கலன்னு நாலு பேரு கேப்பாங்க. அந்தப் பதிலு பெரியவர் காதுக்குப் போயிரும்."