படுக்கையறை மூலையில் ஒரு பைப்

"மாடியிலேயே கக்கூஸ் கட்டிட்டா நான் கீழே இறங்கி வர வேலையே இல்லை பாரு. அதுக்குத்தான் உன் பொண்டாட்டி இப்படிப் பறக்குறா."

"அக்கா, போன மாசம் படியில தலைசுத்தி விழுந்தியே, அதுக்காகத்தான்."

"அது ஒரு சாக்குடா."

கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டு மாடி அறையில் தனியாக இருக்கிறாள் அக்கா. தம்பி மனைவியோடு சண்டை கிடையாது. ஒட்டுதலும் கிடையாது.

பிளம்பர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வழி இருக்கு சார். பின்பக்கம் வெளிச்சுவர் ஓரமா இறக்கலாம். கொஞ்சம் சுத்து. இல்லேன்னா நேரா உங்க பெட்ரூம் மூலையில இறக்கலாம்."

"வெளியிலேயே விடுங்க" என்றான் தம்பி.

"பெட்ரூம்லயே இறக்குங்க" என்றாள் மனைவி.

"உனக்கென்ன பைத்தியமா? தலைமாட்டுலயா கக்கூஸ் பைப்பு?"

"இருந்துட்டுப் போகட்டும்."

"அப்போ சுத்திப் பஞ்சு வச்சுப் பலகை அடிச்சிடறேம்மா. மேலே தண்ணி ஊத்தினா சத்தம் வராது."

"வேண்டாங்க. மூடாம விடுங்க."

படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குச் சுருக்கென்றது. 'நாத்தனார் தூங்கவே விடறதில்லைன்னு நாளைக்கு இவ நாலு பேர்கிட்ட சொல்லணுமே!'

"காத்துப் பைப்பு ஒண்ணும் விடணும். இல்லேன்னா கீழ் பாத்ரூம்லயும் நாத்தம் கிளம்பும்" என்றார் பிளம்பர்.

"அதை அண்ணி ஜன்னல் பக்கம் விட்றாதீங்க. மொட்டைமாடிக்கு மேல நல்லா ஒசத்தி விடுங்க" என்றாள் மனைவி.

அது அக்கா காதில் விழுந்தது. மனசில் ஏறவில்லை.

வேலை முடிந்தது. மறுநாள் விடியற்காலையில் அக்கா எழுந்து போனாள். ஃபிளஷ் மேல் கை வைத்தவள், சட்டென்று எடுத்துக்கொண்டாள். எதற்கு வம்பு? குவளையால் மொண்டு, சத்தமே வராமல் மெல்ல மெல்ல ஊற்றினாள்.

பாதி வாளி கூடக் காலியாகவில்லை. தடதடவென்று யாரோ படியேறும் சத்தம்.

"அண்ணி! அண்ணி! கதவைத் திறங்க!"

பதறிப்போய்த் திறந்தாள். தலைமுடி அவிழ்ந்து, மூச்சிரைக்க நின்றாள் தம்பி மனைவி. அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"நீங்க நடந்து போனது கேட்டுச்சு. கதவு சாத்தினது கேட்டுச்சு. தண்ணி இறங்குற சத்தம் மட்டும் வரவே இல்லை. மறுபடியும் விழுந்துட்டீங்களோன்னு…"

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக ஒருத்தி கீழே காதைத் தீட்டிக்கிட்டுக் கிடக்குறான்னு தெரியாமப் போச்சேம்மா! அதுக்காகவா பைப்பை மூட வேண்டாம்னே?"

"பின்னே? அந்தச் சத்தம் கேட்டாத்தானே அண்ணி, நான் நிம்மதியா திரும்பிப் படுக்க முடியும்!"