வெட்டாத பச்சை

"உங்க வீட்டு வேலியே இந்த லட்சணத்துல இருக்கு. எங்க ஓட்டலுக்கு எப்படி வெச்சுத் தருவீங்க?"

ஓட்டல்காரர் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டார். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்குத்தான் மானம் போச்சு.

பின்னே? இருபது வருஷமாக நர்சரி நடத்துகிறவர் இவர். பச்சை இலைக்கு வெள்ளை ஓரம் வைத்த இந்த வேலிச் செடியை வளர்ப்பதில் இவரை அடிச்சுக்க ஆளில்லை. அந்தச் செடியில் அவ்வப்போது முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பும். பார்த்த உடனே அடியோடு நறுக்க வேண்டும். விட்டால் மடமடவென்று வளர்ந்து, வெள்ளையை அமுக்கி, செடியே பச்சையாகிவிடும். நர்சரி ஆட்கள் ஒரு பச்சைக் கிளையைக் கவனிக்காமல் விட்டால், அன்றைக்குப் பூரா இவரிடம் பாட்டுத்தான்.

அப்படிப்பட்டவர் வீட்டில், பக்கத்து வீட்டை ஒட்டின வேலி பாதிக்கு மேல் பச்சை! நாலு மாதமாகக் கத்தரியே படவில்லை.

"உங்க பேரைக் கேட்டுத்தான் வந்தேன்," என்றார் ஓட்டல்காரர். "தோட்டத்தைச் சுத்தி முழுக்க வைக்கணும். முதல்ல இதைச் சரி பண்ணுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

கார் கிளம்பியதுதான் தாமதம், பிடித்துக்கொண்டேன்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க. சொந்த வீட்டு வேலியை வெட்டக் கை வரலையா?"

"வெட்டலாம், வெட்டலாம்."

"எப்போ? அந்த ஆள் வேற நர்சரிக்குப் போனதுக்கு அப்புறமா?"

நானே கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். ஓங்கி நின்ற ஒரு பச்சைக் கிளையைப் பிடித்து வெட்டப் போன நேரம், வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பென்று சத்தம்.

இலை இடுக்கில் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று அவருக்கு ஏகப் பெருமை. அரை வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

"ஐயையோ, அண்..."

இவர் ஓடி வந்து என் வாயைப் பொத்தினார்.

"சத்தம் போடாதே. அவரே எழுந்துப்பார்."

"என்னங்க இது, மனுஷன் விழுந்து கிடக்கார்!"

"தினம் விழறார், தினம் எழுந்துக்கறார்," என்று கிசுகிசுத்தார். "வேலி இடுப்பு உயரம் இருந்தப்போ ஒரு நாள் இப்படித்தான் விழுந்தார். நீ ஜன்னல்ல நின்னு 'ஐயோ பாவம்'னு கத்தினே."

"மனசு கேக்காமத்தானே கத்தினேன்?"

"அதுக்கப்புறம் மூணு வாரம் அவர் வெளியவே வரலை. நடக்காம விட்டா கால் அப்படியே நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டாராம். அண்ணி என்கிட்ட வந்து ஓன்னு அழுதாங்க."

என் கையிலிருந்த கத்தரியை வாங்கிக்கொண்டார்.

"வெள்ளை இலை ஆடி அசைஞ்சுதான் வளரும். பச்சைதான் ஓடி வளரும். அதான் விட்டுட்டேன். நாலே மாசத்துல ஆள் உயரம் வந்துடுச்சு பார்."

அந்தப் பக்கம் கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்கியது. அப்புறம் ஒரு அடி. இன்னொரு அடி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை நினைத்து வெட்கமாக இருந்தது. இவரை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஓட்டல்காரர் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"என்னம்மா, பச்சையை வெட்டியாச்சா?"

"இல்லைங்க. இப்போதைக்கு வெட்டறதா இல்லை."

"நல்லா யோசிச்சுக்குங்க. இவ்வளவு பெரிய ஆர்டர் கை நழுவிப் போகுது. உங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேலியை ஒழுங்கா வளர்க்கத் தெரியலைன்னு நாலு பேர் பேச மாட்டாங்களா?"

"பேசட்டும் சார். அவர் வளர்த்ததுலயே உசத்தியான வேலி இதுதான்."