மானுக்குச் சிவப்பு தெரியாது

சிவப்பு நிறத்தைக் கண்டால் மான் மிரண்டு ஓடிவிடும் என்று மலேசியாவின் கலும்பாங் வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு இதை மறுக்க வேண்டியிருக்கிறது. மானின் கண்ணுக்குச் சிவப்பு என்று ஒரு நிறமே கிடையாது. ரத்தச் சிவப்பில் பட்டுச் சேலையே கட்டி வைத்தாலும், அதற்கு அது ஏதோ மங்கலான துணிதான்.

பணி ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை பூரணத்துக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் கோபம் இரட்டிப்பானது.

ஏனென்றால், பக்கத்து வீட்டு பெர்னடெட்டின் பயத்தங்காய்ப் பந்தலைச் சுற்றி வேலியாக நின்றது ஒரு சிவப்புச் சேலை. போன கிறிஸ்துமஸுக்கு டீச்சர் தன் கையால் கொடுத்த சேலை.

"பெர்னடெட்! வெளியில வா பிள்ளை!"

பெர்னடெட் கையில் கரண்டியோடு வந்தாள். டீச்சரின் விரல் நீண்டிருந்த திசையைப் பார்த்ததும், ஏனோ கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இது நான் தந்த சீலைதானே?"

"ஆமா டீச்சர்..."

"மனுசர் உடுக்கத் தந்தனான். பயத்தங்காய் உடுக்க இல்லை!"

"மான் தொல்லை டீச்சர். செம்பனைத் தோட்டத்துலேர்ந்து வந்து கொழுந்தெல்லாம் கடிச்சிட்டுப் போயிடுது. பழைய சிடி கட்டிப் பார்த்தோம். சோப்பு தொங்கவிட்டோம். எங்க வீட்டுக்காரர் விடியக்காலையில சட்டியைத் தட்டிக்கிட்டு நின்னாரு. தெருவே எந்திரிச்சு வந்துச்சு. மான் மட்டும் நின்னு வேடிக்கை பார்த்துச்சு."

எதிர்வீட்டு லோகேஸ்வரி குப்பை போடும் சாக்கில் வந்து சேர்ந்தாள். அவள் கையில் குப்பை எதுவும் இல்லை.

"என்னதான் இருந்தாலும் கொடுத்த சேலையை வேலியில கட்டக் கூடாது லா" என்றாள். "டீச்சர் மனசு என்ன பாடுபடும்!"

இங்கே ஒரு விளக்கம் தேவை. ஒவ்வொரு பெருநாளுக்கும் டீச்சர் அந்தத் தெருவில் உள்ள எல்லா வீடுகளுக்கும் சேலை கொடுப்பார். கலும்பாங்கில் தன் பெயர் அதில்தான் நிற்கிறது என்பது அவருடைய எண்ணம். அந்தப் பெயரைத்தான் இப்போது நாலு மூங்கில் குச்சிகளில் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"உன்னட்ட வேற சீலையே இல்லையோ?"

"இருந்ததை எல்லாம் கட்டிப் பார்த்துட்டேன் டீச்சர். என் கல்யாணச் சேலையைக்கூடக் கட்டினேன்."

"பிறகு?"

"முந்தானையை மான் தின்னுடுச்சு."

லோகேஸ்வரி சிரிப்பை அடக்க மேகத்தைப் பார்த்தாள்.

"இதைக் கட்டின நாள்லேர்ந்துதான் எட்டிக்கூடப் பார்க்கலை. சிவப்பு இல்லையா, அதான்" என்று பெர்னடெட் அவசரமாகச் சொன்னாள்.

டீச்சருக்குள் தூங்கிக்கொண்டிருந்த அறிவியல் விழித்துக்கொண்டது.

"மானுக்குச் சிவப்பு தெரியாது! எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பிச்சனான்! சரி, வேற சிவப்புச் சீலை கட்டினனியோ?"

"கட்டினேன்."

"மான் வந்ததோ?"

"...வந்துச்சு."

"அப்ப நிறம் காரணம் இல்லை. இந்தச் சீலையில மட்டும் வேற என்னவோ இருக்கு. என்ன அது?"

பெர்னடெட் மண்ணைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல டீச்சர். எனக்குத்தான் புத்தி இல்லை. நன்றி கெட்டவள்னே வச்சுக்குங்க. இப்பவே அவிழ்த்துடறேன்."

"அவிழ்க்காதே. காரணத்தைச் சொல்லு."

"நெசமா தெரியாது டீச்சர்."

அந்த நேரம் பார்த்து அவள் கணவன் கில்பர்ட் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். பெர்னடெட் கண்ணைக் காட்டினாள். உதட்டைக் கடித்தாள். கரண்டியைக்கூட ஆட்டிப் பார்த்தாள். கில்பர்ட் தங்கமான மனிதர். ஜாடை மட்டும் புரியாது.

"இதுகூடவா தெரியலை டீச்சர்? பாச்சை உருண்டை வாசம்!" என்றார் உற்சாகமாக. "உங்க அலமாரியில எத்தனை வருசம் கிடந்துச்சோ! எத்தனை தடவை அலசினாலும் போகலை, மழையில நனைஞ்சாலும் போகலை. இவ கிறிஸ்துமஸ் பூசைக்கு இதைத்தான் கட்டிக்கிட்டு வந்தா. கோயில்ல அவ்வளவு கூட்டம், எங்க பெஞ்சுல மட்டும் நாங்க ரெண்டே பேர்! அப்பவே நினைச்சேன், மனுசனுக்கே தாங்கலைன்னா மானுக்கு எப்படித் தாங்கும்?"

"என்னங்க..." என்றாள் பெர்னடெட்.

"என்ன என்னங்க? நல்லதைத்தானே சொல்றேன்? இவதான் டீச்சர், உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம்கூட வாங்கினா. ஆசையாக் கொடுத்த மனுசி, கேட்டா நொந்துபோவாங்கன்னு..."

அப்போதுதான் சத்தியம் ஞாபகம் வந்து கில்பர்ட் வாயை மூடினார்.

பந்தலில் பயத்தங்காய்கள் ஒரு கொழுந்துகூடக் குறையாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

டீச்சர் சேலையின் ஓரத்தைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். இரண்டு தும்மல் போட்டார்.

"கயிறு தளர்ந்திருக்கு. இறுக்கிக் கட்டு பிள்ளை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

லோகேஸ்வரி அதற்கு முன்பே கிளம்பியிருந்தாள். அவள் வெண்டைச் செடிகளையும் மான் விட்டுவைப்பதில்லை.

பொழுது சாய்வதற்குள் அந்தத் தெருவில் முக்கால்வாசி வேலிகளில் சேலைகள் ஏறிவிட்டன. பச்சை, ஊதா, மாம்பழ மஞ்சள், ஜரிகை வைத்தது, வைக்காதது.

அந்த வருடத் தீபாவளிக்குப் பூரணம் டீச்சர் எல்லா வீடுகளுக்கும் முறுக்கு கொடுத்தார்.