பெரிய மருமகளின் கண்ணீர்

மாமியாரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து சின்ன மருமகள் தாரை தாரையாகக் கண்ணீர் வடித்தாள்.

"பாசம்னா இதுதான்!" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள் நாத்தனார். "பெரியவளைப் பாருங்க, கல்லு மாதிரி உக்காந்திருக்கா."

பெரிய மருமகளுக்கு வயிறு எரிந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டது அவள்தான். சின்னவள் விருந்தாளி மாதிரி வந்து போனவள். ஆனால் கண்ணாடியைத் தூக்கிப் போடலாம் என்று லேசர் சிகிச்சை செய்துகொண்டதிலிருந்து பெரியவளுக்குக் கண் வறண்டுபோய்விட்டது. டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து விடாவிட்டால் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். அதுவும் இந்த அமளியில் எங்கே போனதோ!

நெஞ்சு வெடிக்கிறது, கண்ணில் ஒரு துளி இல்லை. சின்னவளுக்கு மட்டும் எப்படி இப்படிக் கொட்டுகிறது?

மாமனார்கூடச் சின்னவளின் தலையைத் தடவினார். "நீ மருமக இல்லம்மா, மக."

பெரியவள் பல்லைக் கடித்தாள்.

சின்னவள் விசும்பிக்கொண்டே எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். காதோரம் கிசுகிசுத்தாள்:

"அக்கா, உங்க கண்ணு மருந்து தீந்துபோச்சு. அத்தையோட தங்கச்சி இப்ப வந்துடுவாங்க. வேற பாட்டில் வச்சிருக்கீங்களா?"