வைரஸ் புகுந்த பெட்டி

"வைரஸ் புகுந்துடுச்சு தம்பி. வாங்கினப்போ இருந்த மாதிரியே ஆக்கிடு. உள்ள ஒண்ணுமே மிஞ்சக்கூடாது," என்றார் வீட்டுக்காரர்.

மாடியில் குடியிருந்த நர்ஸ்கள் இருவரும் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துகொண்டு போனதிலிருந்து, அவரும் கம்ப்யூட்டரை ரீஸ்டோர் செய்ய முட்டி மோதிப் பார்த்துவிட்டார். அது தொடங்கவே மறுத்தது.

மெக்கானிக் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தான்.

"சட்டியில இருந்தாத்தானே சார் அகப்பையில வரும்? ஹார்டு டிஸ்க்கையே யாரோ கழட்டி எடுத்துட்டாங்க."

வீட்டுக்காரர் குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

வெளியே போயிருந்த மனைவி அப்போதுதான் உள்ளே வந்தாள். கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"டிஸ்க்கைப் போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துட்டேன். அந்தப் பொண்ணுங்க பாத்ரூம்ல நீங்க ஒளிச்சு வெச்சிருந்த கேமராவையும்தான். ஜீப் வாசல்ல நிக்குது. சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க."